கண்ணாடிக் குழாயும் இரத்தக் குழாயும்: உறைதல் நிகழும் இடம் குறித்து

முன்னுரை

இரத்தம் உறைதலைப் பற்றிப் பாடநூல்கள் இன்றும் கற்பிப்பது 1964-இல் உருவான அருவி மாதிரியையே. அவ்வாண்டில் மெக்ஃபார்லேன் ஒருபுறமும், டேவி, ராட்னாஃப் இருவரும் மறுபுறமும், உறைவுக்காரணிகள் ஒன்றையொன்று தூண்டிப் பெருகும் முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். அகவழி, புறவழி இரண்டும் பத்தாம் காரணியில் கூடும். அதன் விளைவாகத் தோன்றும் த்ராம்பின், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக்கும் என்பது பாடநூல் தரும் சாரம். இம்மாதிரி காரணிகளைச் சரியாக இனங்காட்டியது. ஆனால் அவை கூடும் இடத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. உடலுக்குள் உறைதலை ஆள்வது மேற்பரப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரு சான்றுகள்

1955-இல் ராட்னாஃபும் கோலோபியும் விவரித்த ஒரு நோயாளியின் இரத்தம் கண்ணாடிக் குழாயில் மிகத் தாமதமாகவே உறைந்தது. ஆயினும் அவருக்கு மிகை இரத்தப்போக்கு இருந்ததே இல்லை. அவரிடம் இல்லாதிருந்த பொருளே பின்னர் பன்னிரண்டாம் காரணி எனப் பெயர் பெற்றது. 1968-இல் அவர் இறந்ததோ நுரையீரல் தமனியை அடைத்த இரத்தக்கட்டியால். அகவழியின் தலைவாசல் எனப்பட்ட காரணி இல்லாமலே அவர் இரத்தம் உடலுக்குள் உறைந்திருக்கிறது.

ஹீமோஃபிலியா இதற்கு நேர்மாறு. எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைந்தவர்களுக்குப் புறவழி பழுதின்றி இருக்கிறது. புரோத்ராம்பின் நேரமும் இயல்பாகவே வருகிறது. இருந்தும் கடும் குறைபாட்டில் மூட்டுகளுக்குள் இரத்தம் கசிகிறது. இரு வழிகளும் தனித்து இயங்குபவை என்றால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்திருக்க வேண்டுமே!

தட்டணுவின் மேற்பரப்பு

இம்முரணுக்கு ஹாஃப்மன், மன்றோ இருவரும் 2001-இல் விரித்துரைத்த உயிரணு மாதிரி விடை தருகிறது. குழாய்ச் சுவர் கிழிந்ததும், அதன் வெளிப்புறத்து உயிரணுக்கள் தாங்கியிருக்கும் திசுக்காரணி ஏழாம் காரணியுடன் சேர்ந்து சிறிதளவு த்ராம்பினை உண்டாக்குகிறது. உடனிருக்கும் தடுப்பான் புரதம் அந்த வாயிலை விரைவில் அடைத்துவிடுகிறது. அதற்குள் உண்டான த்ராம்பின் தட்டணுக்களை எழுப்பிவிடுகிறது. எழுந்த தட்டணு, தன் சவ்வின் உட்புறத்தில் இருந்த ஃபாஸ்ஃபாடிடைல்செரின் என்னும் கொழுப்பை வெளிப்புறமாகத் திருப்புகிறது. எதிர்மின்னூட்டமுள்ள அத்தளத்தில் கால்சியத்தின் துணையோடு காரணிகள் வந்து பற்றுகின்றன. எட்டும் ஒன்பதும் இன்றியமையாதவை ஆவது இங்கேதான். தூண்டப்பட்ட பத்தாம் காரணி ஐந்தாம் காரணியுடன் இங்கு கூடும்போது, த்ராம்பின் உருவாகும் வேகம் ஏறத்தாழ 3,00,000 மடங்கு உயர்கிறது.

இடம் மாறினால் த்ராம்பினின் தொழிலும் மாறுகிறது. காயத்தின் விளிம்பைத் தாண்டி, நலமான உட்சுவரிலுள்ள த்ராம்போமாடுலினைச் சேர்ந்ததும், அதே த்ராம்பின் புரதம் சி-யைத் தூண்டுகிறது. அது ஐந்தாம், எட்டாம் காரணிகளைச் சிதைத்து, உறைதலைக் காயத்தின் எல்லைக்குள் நிறுத்துகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

அருவி மாதிரியின்மேல் எழுந்த குழாய்ச் சோதனைகள் மருத்துவமனையில் அன்றாடம் பயன்படுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். கண்ணாடி விரியன் கடித்தவருக்குச் செய்யும் 20 நிமிடச் சோதனையையே பார்ப்போம். அதன் நஞ்சு பத்தாம், ஐந்தாம் காரணிகளை நேரடியாகத் தூண்டுவதால், கடிவாயோடு நில்லாமல் இரத்த ஓட்டமெங்கும் ஃபைப்ரினோஜன் செலவழிந்துபோகிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து சாய்க்கிறார்கள். கட்டியாகாமல் நீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயை எடுத்தால் முடிவை நம்ப முடியாது. பன்னிரண்டாம் காரணியைத் தூண்டும் கண்ணாடிப் பரப்பு அதில் இல்லை. ஆக, குழாயிலும் உறைதலைத் தொடங்கிவைப்பது ஒரு மேற்பரப்பே.

முடிவுரை

அருவியைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டியதில்லை. அதைத் தட்டணுவின் மேல் வரைந்து காட்டினால் போதும். ஹீமோஃபிலியாவில் இரத்தம் ஏன் கசிகிறது, விரியன் நஞ்சு ஏன் உடலெங்கும் பரவிக் கேடு செய்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் மாணவர் அப்போது ஒரே படத்தில் விடை காண்பார்.