கோப்பி நோயும் கைத்தொலைபேசி நோயும்

கண்டியைச் சூழ்ந்த குன்றுகளில் ஒரு காலத்தில் கோப்பியே கோலோச்சியது. 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் அமைத்தார். பின்னர் காடுகள் அழிந்தன. மலைக்கு மலை அந்த ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்தது.

1869 இல் மலைநாட்டுக் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி, அது ஒரு பங்கசு நோய் என அறிவித்தார். 1880 இல் இலங்கைக்கு வந்த மார்ஷல் வார்ட், அதன் நுண்வித்துக்களைக் காற்றே செடிக்குச் செடி கொண்டு செல்கிறது எனக் காட்டினார். ஒரே இனச் செடி தடையின்றி நெருங்கி நின்றதே நோய்க்கு வழிவிட்டது என்றும் உணர்த்தினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, தமிழகத்திலிருந்து வந்து உழைத்த தொழிலாளர் பலர் பிழைப்பை இழந்தனர். லூல்கந்துறவில் 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலையே பின்னர் மலைநாட்டைத் தாங்கியது.

135 ஆண்டுகளின் பின், 2004 இல், செடிகளுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிகளிடையே இதையொத்த நோயொன்று தோன்றியது. 'காபிர்' என்பது அதன் பெயர். அது உயிரற்றது, தன்னைத் தானே படியெடுத்துப் பரப்பும் கணினி நிரல். காற்றுக்குப் பதிலாக, ஏறத்தாழ பத்து மீற்றர் எட்டும் புளூடூத் வானொலி அலை அதற்கு ஊர்தியாயிற்று. சிம்பியன் என்னும் ஒரே இயங்குதளத்தைக் கொண்ட தொலைபேசிகள் அக்காலத்தில் உலகெங்கும் பெருகியிருந்தன. கோப்பி மலைகளின் கதையே அங்கும் நிகழ்ந்தது. 2005 ஓகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியரங்கில், திரண்டிருந்த பார்வையாளரிடையே காபிர் பரவியது.

எனினும் செடிக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. காபிர் உட்புகுமுன் தொலைபேசி உரியவரின் இசைவைக் கேட்டது. 'வேண்டாம்' என்றாலும், அருகில் இருக்கும்வரை அந்நிரல் மீண்டும் மீண்டும் வினவியது. சலிப்புற்றோர் 'ஆம்' என அழுத்தினர். அவ்விடம் விட்டு நகர்ந்தோரும் புளூடூத்தை அணைத்தோரும் தப்பினர். அதனால் விளைந்த கேடு பெரும்பாலும் மின்கலம் விரைவில் வற்றியதே.

2017 இல் ஆய்வாளர் வெளிப்படுத்திய 'புளூபோர்ன்' குறைபாடுகளோ, இசைவு கேளாமலும் அருகிலுள்ள கருவிக்குள் புக இயலும் என்பதைக் காட்டின. உற்பத்தியாளர் வெளியிட்ட திருத்தங்களை ஏற்றுக்கொண்ட கருவிகள் காப்புப் பெற்றன. இன்றைய தொலைபேசியிலோ வங்கிக் கணக்கும் குடும்பத்தின் அந்தரங்கமும் அடங்கியிருக்கின்றன.

எசல பெரஹராவின்போது கண்டி வீதிகளில் மக்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பர். அந்நெருக்கம் குற்றமன்று. தேவையற்ற வேளையில் புளூடூத்தை அணைத்தலும், அறியாத கோப்பை மறுத்தலும், திருத்தங்களை உரிய காலத்தில் ஏற்றலும் போதும். கோப்பிச் செடியால் தன் கதவை அடைக்க இயலவில்லை, மனிதனால் இயலும்.