கணக்குப்பிள்ளையும் கண்ணாடித் திரையும்

சரித்திரம் என்றால் அரசர்களையும் போர்களையும் பற்றியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துப் பழகிவிட்டோம். அரண்மனையின் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டு, எத்தனை மூட்டை நெல் வந்தது, எத்தனை மூட்டை போயிற்று என்று எழுதிக் கொண்டிருந்த கணக்குப்பிள்ளைக்கு அந்தச் சரித்திரத்தில் இடம் கிடையாது. ஆனால் அவர் நாலு நாள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டால், படையெடுத்துப் போன சேனைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று அரசருக்கே தெரியாமல் போய்விடும்.

அந்தக் கணக்குப்பிள்ளையின் வாரிசு இன்றும் இருக்கிறார். சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் அவருடைய மேஜையை விட்டுப் போய்விட்டன. அவற்றின் இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் கண்ணாடித் திரையும் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய கம்பெனி ஒன்றில் விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு, சம்பளம், வரவு செலவு ஆகிய அத்தனையும் ஒரே மென்பொருளுக்குள் அடங்கியிருக்கின்றன. அந்தத் திரையைச் செய்தவர்கள் யார், அதன் எதிரே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் மனிதரின் சௌகரியத்தை நினைத்துப் பார்க்க அவர்களுக்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்பதைச் சொல்லப் போகிறேன். சுவையான கதைதான், இடையிடையே சற்று வேதனையும் உண்டு.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அன்றைய மேற்கு ஜெர்மனியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். டீட்மார் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் ச்சீரா, ஹான்ஸ் வெர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெலன்ராய்தர் என்பவை அவர்களுடைய பெயர்கள். ஐவரும் ஐ.பி.எம். என்ற மாபெரும் ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே வந்த அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரை வாங்கி வைக்கப் பெரிய அறையும் பெரிய பணப்பெட்டியும் வேண்டும். கையில் இருந்ததெல்லாம் ஓர் எண்ணமும் ஒரே ஒரு வாடிக்கைக்காரரும்தான். இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு ஜெர்மனியில் ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் நைலான் இழைத் தொழிற்சாலை இருந்தது. அந்தத் தொழிற்சாலைதான் முதல் வாடிக்கைக்காரர். அங்கே இருந்த கம்ப்யூட்டரையே இரவு நேரங்களில் உபயோகித்து நம்முடைய ஐவரும் வேலை செய்தார்கள். இப்படித் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் பெயர் பெற்றிருக்கும் எஸ்.ஏ.பி. கம்பெனி.

அவர்களுடைய எண்ணம் என்ன? அதைப் புரிந்துகொள்ள அன்றைய வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு விவரங்களையெல்லாம் அட்டைகளில் துளை போட்டுக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைப்பார்கள். இரவில் யந்திரம் அவற்றை விழுங்கும்; மறுநாள் விடை வரும். காலையில் விற்ற சரக்குக்கு மறுநாள்தான் கணக்கு. அத்துடன், ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக நிரல் எழுதுவார்கள். அளவெடுத்துத் தைக்கும் சட்டை மாதிரி. ஐவரும் இரண்டு வழக்கங்களையும் மாற்ற நினைத்தார்கள். திரையில் எழுதிய மாத்திரத்தில் கணக்கு ஏறிவிட வேண்டும். ஒரு கம்பெனிக்குத் தைத்த சட்டை, சிறிது திருத்தினால் இன்னொரு கம்பெனிக்கும் பொருந்த வேண்டும். 1973இல் அவர்களுடைய முதல் நிதிக் கணக்கு மென்பொருள் வெளிவந்தது. பின்னால் அதற்கு 'ஆர்/1' என்று பெயர் வந்தது. 'ஆர்' என்பது 'ரியல் டைம்', அதாவது உடனுக்குடன் என்பதைக் குறிக்கும் எழுத்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் நிரல் எழுதியவர்கள் வாடிக்கைக்காரரின் கட்டிடத்திலேயே உட்கார்ந்து எழுதினார்கள். கணக்கருக்கு ஒரு சந்தேகம் வந்தால் நாலு அடி நடந்து வந்து கேட்டுவிடலாம். அந்த நாலு அடி தூரம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போயிற்று என்பதுதான் பின்னால் நடந்த கதை.

1979இல் 'ஆர்/2' வந்தது. பெரிய யந்திரங்களில் ஓடுகிற இந்த மென்பொருளுக்காக ஒரு கருவியும் பிறந்தது. 'அபாப்' என்று பெயர். பொதுவான அறிக்கைகளைத் தயாரிக்கும் கருவி என்று பொருள்படும் நீண்ட ஜெர்மன் பெயரின் சுருக்கம் அது. முதலில் அறிக்கை எழுதுவதற்கு மட்டுமே பயன்பட்ட அந்தச் சிறு மொழி, வரவர வளர்ந்து முழு நிரல்மொழி ஆகிவிட்டது. 1992இல் 'ஆர்/3' வெளிவந்தபோது அதன் வியாபார நிரல்களெல்லாம் அபாப் மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன.

இந்தக் கருவியில் ஒரு பெருந்தன்மை இருந்தது. எஸ்.ஏ.பி. தன் வியாபார நிரல்களைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய கம்பெனியின் நிபுணர்கள் அவற்றைத் திறந்து வரி வரியாகப் படிக்கலாம். போதாதென்றால் தாங்களே புது நிரல் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்க்கும் நிரல்களின் பெயர் மட்டும் ஆங்கில நெடுங்கணக்கின் கடைசியில் வரும் 'ஒய்' அல்லது 'இஸட்' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். வீட்டுக்காரர் குடியிருப்பவரிடம், "கொல்லைப்புறத்தில் இந்த இரண்டு பாத்தி உங்களுடையது, என்ன வேண்டுமானாலும் பயிரிட்டுக்கொள்ளுங்கள், நான் கைவைக்க மாட்டேன்" என்று சொல்வது போன்ற ஏற்பாடு. உலகத்தில் எத்தனையோ நிபுணர்கள் அந்த இரண்டு பாத்திகளிலும் பயிரிட்டே வாழ்க்கை நடத்தியிருக்கிறார்கள்.

கருவியைக் கையாளும் நிபுணருக்குக் காட்டிய இந்தப் பெருந்தன்மையைத் திரைக்கு எதிரே உட்கார்ந்தவருக்குக் காட்டினார்களா என்றால், அதுதான் இல்லை. ஒரு விற்பனை ஆர்டரைப் பதிய வேண்டுமானால் 'வி.ஏ. 01' என்ற சங்கேதத்தைத் தட்ட வேண்டும், திருத்துவதற்கு 'வி.ஏ. 02', வெறுமனே பார்ப்பதற்கு 'வி.ஏ. 03'. தட்டினால் கட்டம் கட்டமாக ஒரு திரை வரும். எத்தனை கட்டங்கள்! ஒரே மென்பொருள் மருந்துக் கம்பெனிக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும், பல தேசத்து வரிச் சட்டங்களுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? ஆகவே எங்கோ யாருக்கோ எப்போதோ தேவைப்படும் கட்டமெல்லாம் எல்லோருடைய திரையிலும் வந்து நின்றது. அவற்றில் ஆறோ ஏழோதான் நம்முடைய குமாஸ்தாவுக்கு வேண்டியவை. எவை என்பதை அவர் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். புதிதாக வந்தவர் திகைத்தால், 'பயிற்சி போதாது' என்று அவர் தலையிலேயே பழி விழும்.

ஏன் இப்படி? ஜெர்மானியர்களுக்கு அழகுணர்ச்சி இல்லை என்பதல்ல காரணம். காரணம் மிகவும் எளியது. மென்பொருளை வாங்குகிறவர் வேறு, உபயோகிக்கிறவர் வேறு. செக்கில் கையெழுத்துப் போடுகிற நிர்வாகி அந்தத் திரையின் முன்னால் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது மாதக் கடைசியில் ஒரு கச்சிதமான ஐந்தொகை. அது வந்துவிட்டால் திருப்தி. அந்த ஐந்தொகைக்குப் பின்னால் எத்தனை பேருடைய கண்கள் எரிந்தன என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

1998இல் முதல் திருப்பம் ஏற்பட்டது. 'என்ஜாய் எஸ்.ஏ.பி.' என்ற பெயரில், உபயோகிக்கிறவர் அனுபவித்து வேலை செய்யும்படி திரைகளை மாற்றப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. குமாஸ்தா வேலையை அனுபவிப்பதாவது என்று பலர் சிரித்திருக்கலாம். ஆனால் கம்பெனி விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு உருவம் கொடுத்துப் புகழ் பெற்ற ஹார்ட்மூட் எஸ்லிங்கரின் 'ஃப்ராக்' ஸ்தாபனத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. 1999இல் வெளிவந்த 4.6 என்ற பதிப்பில் அதன் பலன் தெரிந்தது. வண்ணம் வந்தது, அடிக்கடி செய்யும் வேலைகளைத் தனியே தொகுத்து வைத்துக்கொள்ள வசதி வந்தது, பல திரைகளில் சிதறிக் கிடந்த வேலை ஒரே திரையில் கூடிற்று.

ஆனால் பழையதைத் தூக்கி எறிய முடிந்ததா? கொள்முதல் ஆர்டர் போடும் பழைய திரைக்கு 'எம்.இ. 21' என்று பெயர். புதிய திரைக்கு அதே பெயருடன் 'என்' என்ற எழுத்தை ஒட்டினார்கள். இரண்டும் நெடுங்காலம் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக வாழ்ந்தன. பழைய திரையில் விரல் பழகியவர்கள் அதை விட மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கஷ்டப்பட்டுக் கற்ற வித்தையை, 'இனி எளிது' என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் மனம் வரும்?

அதே 1999இல், திரைக்கு எதிரே இருக்கும் மனிதரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் நிகழ்ந்தது. ஹெர்ஷி என்ற பிரபல சாக்லேட் கம்பெனி, ஆர்/3யையும் வேறு இரு கம்பெனிகளின் மென்பொருள்களையும் ஜூலை மாதத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் பண்டிகை. அமெரிக்கக் குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் நாள். நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின மாதத்தில் மிட்டாய்க் கடைக்காரர் புதுக் கணக்குமுறையைப் புகுத்தினால் எப்படி இருக்கும்? கிடங்கில் சரக்கு இருந்தது. கையில் ஆர்டரும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கும் கணக்குதான் தடுமாறிற்று. சுமார் 10 கோடி டாலர் பெறுமான ஆர்டர்களை உரிய காலத்தில் அனுப்ப முடியவில்லை. குற்றம் மென்பொருளுடையது மட்டும் என்று சொல்வது நியாயமாகாது. ஆட்கள் கற்றுத் தேற அவகாசம் கொடுக்காத அவசரத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

பிறகு 2007இல் ஐபோன் வந்தது. 2010இல் ஐபேட் வந்தது. உலகத்தில் ஒரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டது. வீட்டில் பேரனுக்குப் பொம்மைப் படம் காட்டும் கருவியை ஒரு விரலால் ஆட்டி வைக்கிற மனிதர், காரியாலயத்துக்கு வந்ததும் சங்கேத எண்களைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டில் கிடைக்கும் மரியாதை வேலை செய்யும் இடத்தில் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

2013 மே மாதத்தில் எஸ்.ஏ.பி. இதற்கு விடையாக 'ஃபியோரி'யை வெளியிட்டது. இத்தாலிய மொழியில் பூக்கள் என்று அர்த்தம். விடுமுறை கேட்பது, கொள்முதலுக்கு அனுமதி கொடுப்பது போன்ற அன்றாட வேலைகளுக்காக 25 சிறு நிரல்கள். கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் ஒரே மாதிரி அழகாக விரிந்தன. எல்லோரும் பாராட்டினார்கள். விலையைக் கேட்டதும் பாராட்டு நின்றுவிட்டது. ஆம், பூக்களுக்குத் தனி விலை! ஏற்கெனவே கோடிக்கணக்கில் கொடுத்து மென்பொருள் வாங்கியவர்கள், அதை முகம் சுளிக்காமல் உபயோகிப்பதற்கு மேலும் பணம் கட்ட வேண்டும் என்றால் கோபம் வராதா? உபயோகிப்பவர்களின் சங்கங்கள் எதிர்க்குரல் எழுப்பின. அவர்களுடைய வாதம் நேர்மையானது: 'நாற்காலி விற்றவர், உட்காரும்போது குத்தாமல் இருப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாமா?' என்பதே அதன் சாரம். ஓராண்டு இழுபறிக்குப் பிறகு, 2014 ஜூன் மாதத்தில் கம்பெனி இறங்கி வந்தது. மென்பொருளுடன் ஃபியோரியும் இலவசமாகவே சேரும் என்று அறிவித்தது.

என் மனத்தில் இந்தச் சரித்திரத்தின் மிக முக்கியமான தேதி அதுதான். புது யந்திரமோ புது மொழியோ அன்று பிறக்கவில்லை. சௌகரியம் என்பது பண்டத்தின் மேல் ஒட்டும் ஜிகினா அல்ல, பண்டத்தின் ஒரு பாகம் என்று அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. கம்பெனி தொடங்கி அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நிபுணர்களின் பாடு வேறு விதம். பூக்கள் அபாப் மண்ணில் மட்டும் மலரவில்லை. திரைகளைச் செய்ய 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற வேறொரு மொழி தேவைப்பட்டது. அதற்கான கருவித் தொகுதியை 2013 டிசம்பரில் கம்பெனி யாரும் எடுத்து உபயோகிக்கும்படி உலகத்துக்கே திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் இருபது ஆண்டுகளாக அபாப் ஒன்றையே கைத்தொழிலாகக் கொண்ட மனிதருக்கு, நரைத்த தலையுடன் மறுபடி பாலபாடம்! அதுமட்டுமா? 2015 பிப்ரவரியில் 'எஸ்/4 ஹானா' என்ற புதிய தலைமுறை மென்பொருள் வந்தது. பழைய தலைமுறைக்கான பொதுவான பராமரிப்பு 2027 வரைதான் என்று 2020இல் அறிவித்தார்கள். அந்த இரண்டு பாத்திகளிலும் ஆண்டுக்கணக்கில் பயிரிட்டவர்கள், எதைப் பிடுங்கி நடுவது, எதை விட்டுவிட்டுப் போவது என்று கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

புது வீட்டில் நுழைந்து பாருங்கள். வாசலில் பூக்கோலம். நாலு அறை தாண்டினால், புது வண்ணம் பூசிய பழைய திரை ஒன்று எதிர்ப்படும். உற்றுப் பார்த்தால் அதே 'வி.ஏ. 01'! இதைக் கண்டு நான் சிரிக்க மாட்டேன். கோடிக்கணக்கான ரூபாய் வியாபாரம் ஒரு நாள்கூட நிற்காமல் நடக்க வேண்டிய வீட்டில், குடியிருப்பவர்களை வெளியே அனுப்பாமலே ஒவ்வொரு அறையாகத்தான் இடித்துக் கட்ட முடியும்.

கருவிகள் இன்னும் மாறும், திரைகளும் மாறும். ஒவ்வொரு முறை புதியது வெளியாகும்போதும், அது எவ்வளவு வேகம், எவ்வளவு அழகு என்று மேடையில் சொல்வார்கள். கேட்டுக்கொள்வோம். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்போம்: "ஐயா, இதை எழுதியவர்களில் யாராவது, ஒரு நாள் காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, எங்கள் கணக்குப்பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்களா?"