முத்துப்பாரும் மறைநாணயமும்: கூலியில்லாப் பிழைப்பின் வரலாறு

மன்னார் நகரை அடுத்துக் கடலோரமாக அமைந்தது பள்ளிமுனை என்னும் மீனவர் ஊர். புனித லூசியாள் ஆலயத்தாலும், அராபிய வணிகர் கொணர்ந்து நட்டதென மக்கள் கூறும் மாபெரும் பெருக்குமரத்தாலும் அவ்வூர் பெயர் பெற்றது. அங்கிருந்து தெற்கு நோக்கிக் கடல்வழியே சென்றால் அரிப்பு, சிலாபத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்னும் துறைகள் வரிசையாகத் தோன்றும். அத்துறைகளுக்கு எதிரேயுள்ள ஆழ்கடலிலேதான் பெரியபார், சேவல்பார் முதலிய முத்துப்பார்கள் கிடக்கின்றன. நாட்கூலியோ மாதச் சம்பளமோ இன்றி, விலை இன்னதென்று எவரும் அறியாத ஒரு பொருளிலே பங்கு பெற்றுப் பல்லாயிரவர் பிழைத்த இடம் இதுவாகும். இக்காலத்திலே கிரிப்டோ நாணயம் எனவும் மறைநாணயம் எனவும் வழங்கும் பொருளைச் சுற்றி எழுந்துள்ள தொழில்களை ஆராயப் புகுவோர், இக்கரையின் வரலாற்றை முதலில் நோக்குதல் தகும்.

முத்துக்குளிப்பு மிகப் பழைய தொழில். கி. பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் பயணநூல், பாண்டிநாட்டுக் கொற்கையிலே தண்டனை பெற்ற கைதிகள் முத்தெடுத்தனர் எனக் கூறும். அந்நிலையினின்று தொழில் வெகுதூரம் நடந்து வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி சென்ற மார்க்கோ போலோ, எடுத்தவற்றுள் பத்திலொரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதிலொரு பங்கும் சென்றன என்று எழுதினார். 1344ஆம் ஆண்டிலே இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது அவர் முன்னிலையில் முத்துக்கள் தரம்பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆகவே, பங்குமுறை ஆங்கிலேயர் வகுத்ததன்று. 1560இல் மன்னாரைக் கைக்கொண்ட போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் அரசின் பங்கு எவ்வளவு என்பதையே மாற்றினர், பங்குமுறையை மாற்றினாரல்லர்.

குளிப்புக் காலத்திலே வெறும் மணற்கரையில் ஒரு நகரம் எழும். கீழக்கரை, தூத்துக்குடி, தொண்டி, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களினின்றும், பாரசீக வளைகுடாவினின்றும் குளியாளர் வந்து கூடுவர். தோணியொன்றில் ஏறக்குறைய இருபத்துமூவர் ஏறுவர். அவருள் தண்டல் ஒருவர், குளியாளர் பதின்மர். ஐவர் கல்லைக் காலிற்கொண்டு இறங்க, ஐவர் மேலே இளைப்பாறுவர். ஒவ்வொருவருக்கும் கயிறு பிடிப்பவர் ஒருவர் உண்டு. அவர் கவனம் பிசகினால் கீழுள்ளவன் உயிர் போகும். தோணி சம்மாட்டியுடையது. கரையிலோ சிப்பி எண்ணுவோர், அழுகிய சிப்பியைக் கழுவி முத்துப் பொறுக்குவோர், துளையிடுவோர், துளைகளிட்ட பித்தளைச் சல்லடைக் கிண்ணங்களாற் பருமன் பிரிப்போர், மஞ்சாடியால் நிறுத்துச் செவ்வு என்னும் கணக்கால் மதிப்பிடுவோர், வட்டிக்குப் பணம் கொடுப்போர், தண்ணீர் விற்போர் எனப் பலர். கடலில் இறங்கியவர் சிலரே. இறங்கியவரை நம்பிப் பிழைத்தவரே மிகப் பலர்.

தோணி கரை சேர்ந்ததும் சிப்பிகள் அடைப்பினுள் மூன்று குவியல்களாகக் குவிக்கப்படும். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டைக் குறிப்பார். எஞ்சிய ஒன்று தோணியாருக்கு. எக்குவியல் தமக்கு வரும் என்பதை அறியாமையால், குவிப்போர் மூன்றையும் ஒத்த அளவினவாகவே குவித்தனர். மேற்பார்வை வேண்டாத நேர்மைக்கு இதனினும் எளிய வழி கிடைத்தல் அரிது. முன்னாளில் நான்கிலொன்றாயிருந்த தோணியார் பங்கு பின்னர் மூன்றிலொன்றாயிற்று. அரசின் சிப்பிகளோ மாலையில் ஆயிரக் கணக்கில் ஏலம் போயின. திறவாத சிப்பியை வாங்குதல் தூய சூதாட்டமே. பெருவணிகர் இலட்சக் கணக்கில் ஆட, ஏழைகள் குளியாளரிடம் நான்கைந்து சிப்பி வாங்கி ஆடினர். கடைத்தெருவிலே திறவாத சிப்பி சில்லறைக் காசு போலவும் கைமாறிற்று. ஒன்றுமில்லாத ஓடாகவும் இருக்கலாம், ஒரு குடும்பத்தின் செல்வமாகவும் இருக்கலாம். அவ்வையமே அதற்கு விலை தந்தது.

இனி மறைநாணயத்துக்கு வருவோம். சதோஷி நக்கமோட்டோ என்னும் புனைபெயரால் 2008ஆம் ஆண்டு ஒக்டோபரிலே ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. 2009 சனவரியில் பிட்கொயின் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. வங்கி ஒன்றின் ஏட்டில் எழுதப்படும் கணக்கை, உலகெங்குமுள்ள கணினிகள் ஒரே நேரத்தில் எழுதிக் காக்கும் தொடரேடாக ஆக்கியதே இதன் புதுமை. ஏட்டுப் பக்கத்தை முடித்துச் சேர்க்கும் கணினியின் உடையவருக்குப் புது நாணயம் வெகுமதியாகும். இத்தொழிலுக்குச் சுரங்கமறுத்தல் என்று மேலைநாட்டார் பெயரிட்டனர். மன்னாரார் பெயரிட்டிருப்பின் குளிப்பு என்றிருப்பர். தொடக்கத்தில் பக்கமொன்றுக்கு 50 நாணயமாக இருந்த வெகுமதி, ஏறக்குறைய நான்காண்டுக்கொருமுறை பாதியாகி, 2024இல் 3.125 ஆயிற்று. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் நாணயம் உண்டாகாது.

சுரங்கமறுப்போர் மட்டுமா பிழைக்கின்றனர்? 2015இல் தொடங்கிய எதீரியம் வலையமைப்பிலே 32 ஈதரைப் பிணையாக வைத்து ஏட்டைச் சரிபார்ப்பவர் அதற்கென வெகுமதி பெறுகின்றனர். பொய்ச் சான்று தருபவர் பிணையில் ஒரு பகுதியை இழக்கின்றனர். நிரல் எழுதுவோர், மொழிபெயர்ப்போர், குழுக்களை நடத்துவோர், குறித்த வேலைக்குக் குறித்த பரிசு பெறுவோர் எனக் கரைத்தொழிலாளர் இங்கும் பலர். நிரலில் ஓட்டையுண்டோ என ஆராய்ந்து சான்று தருவோரும் உளர். இவரைக் கடல்கட்டிக்கு ஒப்பிடலாம். கடல்கட்டி என்பவர் சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர். அவரின்றிக் குளியாளர் நீரில் இறங்கார். அப்பணி பரம்பரையாக ஒரு குடும்பத்துக்குரியதாயிருந்தது. 1859இல் நூல் வெளியிட்ட எமர்சன் தெனந்து காலத்திலே அக்குடும்பத் தலைவர் கத்தோலிக்கர்! மந்திரம் பலித்ததோ இல்லையோ, அதன்மேல் இருந்த நம்பிக்கை தொழிலை நடத்திற்று. நிரலாய்வோர் பணி சோதித்து அறியத்தக்கது என்பது வேற்றுமை. சான்று பெற்ற நிரல்களும் கொள்ளை போனதுண்டு என்பது ஒற்றுமை.

சம்மாட்டியும் திரும்பி வந்தார். வியட்நாமில் உருவான ஆக்சி இன்ஃபினிட்டி என்னும் கணினி விளையாட்டை ஆட, அக்காலத்தில் முதலில் விலைகொடுத்து உருக்கள் வாங்க வேண்டியிருந்தது. 2021இல், பெருந்தொற்றால் வேலையிழந்த பிலிப்பைன்சு மக்களுக்குப் பணமுடையோர் அவ்வுருக்களை இரவலாகக் கொடுத்து, ஈட்டிய நாணயத்திற் பங்கு பெற்றனர். தோணி ஒருவருடையது, மூச்சு மற்றொருவருடையது என்ற பழைய ஏற்பாடே இது. மறு ஆண்டு அந்நாணயத்தின் விலை சரிந்தது. 2022 மார்ச்சிலே அவ்விளையாட்டின் பணப்பாலம் உடைக்கப்பட்டு 60 கோடி டொலருக்கு மேற் களவு போயிற்று. கடனில் உரு வாங்கியோர் கடனோடு நின்றனர்.

இத்தகைய பிழைப்பின் உண்மையான இடர், குறைந்த வருவாயன்று. வருவாய் திடீரென அறுதலாகும். ஒல்லாந்தர் காலத்தில் 1768 முதல் அவர்தம் ஆட்சி முடியும்வரை குளிப்பு நிகழவில்லை. 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் பார்கள் வறிதே கிடந்தன. 1902இல் ஹேர்ட்மன் என்னும் உயிரியற் பேராசிரியர் வந்து பார்களை ஆராய்ந்தார். அடுத்து வந்த ஆண்டுகள் செழித்தன. 1905இல் ஏறக்குறைய 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு அரசாங்கம் 25 இலட்சம் ரூபா அளவில் ஈட்டியது. அச்செழிப்பைக் கண்ட ஆங்கிலக் கம்பெனியொன்று 1906இல் இருபதாண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னே கம்பெனி கலைந்தது. உச்சவிலையில் உள்ளே நுழைந்தவர் கதை எக்காலத்தும் ஒன்றே போலும். எதீரியத்திலும் 2022 செப்டெம்பர் 15ஆம் நாள், சுரங்கமறுக்கும் முறை கைவிடப்பட்டுப் பிணைமுறை வந்தபோது, அதற்கெனப் பொறிகள் வாங்கி வைத்திருந்தோர் தொழில் ஒரே நாளில் முடிந்தது.

எனினும், பழைய முறையில் ஒரு காப்பு இருந்தது. குளிப்புக்கு முன்னரே அதிகாரிகள் பார்களினின்று மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்துக்களை மதிப்பிடுவித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என அறிவித்தனர். சூதாடியும் கண்ணைத் திறந்துகொண்டே ஆடினான். மறைநாணயங்களுட் பல மாதிரி காட்டாமலே விற்கப்பட்டன. 2022 மே மாதத்தில் டெரா நாணயமும், நவம்பரில் எஃப்டிஎக்சு சந்தையும் வீழ்ந்தபோதே உள்ளே இருந்தது இன்னதெனப் பலர் கண்டனர். நடுநாயகம் இல்லாத் தொழில் என்னும் பெயரும் முழுதும் பொருந்தாது. எஃப்டிஎக்சு போன்ற சந்தைகளிலே பொதுமக்களின் நாணயம் சிலர் கையிலேயே குவிந்திருந்தது. இலங்கை மத்திய வங்கி, மறைநாணயம் சட்டமுறை நாணயமன்று எனவும், அதனை வாங்க வங்கி அட்டைகளைப் பயன்படுத்தல் அனுமதிக்கப்படவில்லை எனவும் 2021இல் பொதுமக்களை எச்சரித்தது. இந்தியா 2022 ஏப்பிரல் முதல் இதன் இலாபத்துக்கு நூற்றுக்கு 30 வரி விதித்தது.

மன்னாரிலே பெருங்குளிப்பு 1925ஓடு ஓய்ந்தது. அதற்குள் யப்பானிய மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துக்கள் உலகச் சந்தையிற் புகுந்து விலையைத் தாழ்த்திவிட்டன. குளியாளர் அழியவில்லை. நீரில் மூழ்கக் கற்ற உடல், முத்தை விட்டுச் சங்கையும் கடலட்டையையும் நாடியது. ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிட அரிப்பிலே கட்டிய மாளிகையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்பர். அதன் சுவர்கள் இன்று இடிந்து கடலுள் வீழ்ந்துகொண்டிருக்க, மன்னார்க் கரையோரத்து மீனவர் அதே வளைகுடாவிலே தொழில் செய்கின்றனர்.