மடைநூற் சரித்திரமும் கரிசற்சீமை அடுக்களையும்

ஒரு சமூகத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர் அச்சமூகத்தார் கட்டிய கோவில்களையும் பெற்ற பட்டயங்களையும் தேடுவரேயன்றி, அவர்கள் நாடோறும் உண்டது யாது, அதனைச் சமைத்த விதம் யாது என வினவுவார் அரியர். உண்ணாது உயிர் வாழ்வார் ஒருவரும் இலர். ஆயினும் உணவின் சரித்திரத்தை எழுதிவைத்தார் மிகச் சிலரே. ஆதலின் பழைய சமையல் நூல்களையும் குறிப்புக்களையும் தேடித் தொகுப்பதன் அவசியத்தைக் குறித்து ஈண்டுச் சில கூறுவாம்.

சமையல் நூலுக்குத் தமிழில் மடைநூல் என்பது பழம்பெயர். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார், நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தைக் கூறுமிடத்து, வீமசேனன் செய்த மடைநூலின் நெறி வழுவாது சமைத்த உணவெனக் குறிக்கின்றார். கி.பி. 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசத்தில் அரசனது போஜனம் ஒரு தனிப் பகுதியாக விளங்குகின்றது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரது அரண்மனைப் பாகமுறைகள் மராத்தியில் எழுதப்பெற்று, சரபேந்திர பாகசாஸ்திரம் என்னும் பெயரால் சரஸ்வதி மகாலில் காக்கப்பெற்றன.

நமக்கு அணித்தாகவும் சான்றுண்டு. 2019-ம் வருஷத்தில் தென்காசி ஜில்லா பிரியுமுன் நம் திருவேங்கடமும் அம்பாசமுத்திரமும் ஒரே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. அவ்வம்பாசமுத்திரத்துக் கோவிலில் உள்ள வரகுண பாண்டியனது 9-ம் நூற்றாண்டுச் சாசனம், 290 காசை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு திருவமுதுக்கு வேண்டும் அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, கறி முதலியவற்றை அளவோடு வகுத்துரைக்கின்றது. இதனைக் கல்லில் வெட்டிய சமையற் குறிப்பு என்றாலும் பொருந்தும்.

1835-ம் வருஷத்தில் அச்சுக்கூடங்களுக்கு இருந்த தடை நீங்கியபின் தமிழ் நூல்கள் பெருகின. 1891-ல் இராமச்சந்திர ராயரது இந்து பாகசாஸ்திரம் வெளிவந்தது. 1951-ல் மீனாட்சி அம்மாள் எழுதிய சமைத்துப் பார் என்னும் நூல் மணமகளிர் பலர்க்குத் துணையாயிற்று.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அரண்மனையும் ஆலயமும் பட்டணத்து இல்லங்களும் தம் உணவை எழுதிவைத்தன. மானம் பார்த்த கரிசற் பூமியிலே கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைத்து உண்ட நம்மனோர் அடுக்களைக்கு மடைநூல் எங்கே? அது நம் பாட்டிமார் கையிலும் நாவிலுமே இருந்தது. அவர்களோடு மறைந்தும் வருகின்றது.

கம்பஞ்சோற்றையே எடுத்துக்கொள்வோம். கம்பில் நீர் தெளித்து உரலிற் குத்தி, உமி போகப் புடைத்து, மீண்டும் இடித்துக் குருணையையும் மாவையும் வேறாக்கி, கொதிக்கும் உலையில் முதலிற் குருணையையும் அது வெந்தபின் மாவையும் இட்டுக் கிண்டுவர். எத்துணை நீர் தெளிப்பது, எப்பதத்தில் உலையை இறக்குவது என்பன கைப்பழக்கத்தால் அறிந்தவை. 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. உலகமே கம்பைப் புகழும் காலத்தில், கம்பு குத்தும் பக்குவத்தை நம் பேத்திமார்க்குச் சொல்வார் குறைந்துவருவது வருந்தத்தக்கதன்றோ?

எழுதிவைத்த குறிப்புங்கூட அளவை அறியாதார்க்குப் பயன்படாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்பது பழைய வாய்பாடு. படியோ சீமைக்குச் சீமை வேறுபட்டது. 1956-ம் வருஷத்துச் சட்டத்தால் கிராமும் லிட்டரும் நிலைத்தபின் இவ்வளவைகள் வழக்கொழிந்தன. ஆதலின் எவ்வூர்ப் படி என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.

இதற்கு வழிகாட்டியும் நம் பக்கத்திலேயே உண்டு. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் அவர்கள், குடியானவர் வாய்மொழியையே ஆதாரமாகக் கொண்டு கரிசல் வட்டாரச் சொல்லகராதியை 1982-ல் வெளியிட்டார். சொல்லுக்கு ஆயிற்று, சோற்றுக்கு ஆகாதோ?

அன்பர்காள்! உங்கள் வீட்டுப் பழம்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கலியாணச் சாமான் ஜாபிதாக்கள், கணக்கு நோட்டின் ஓரத்தெழுதிய பக்குவங்கள், அட்டையிழந்த பாகநூல்கள் யாவற்றையும் எடைக்குப் போடாது காத்துவையுங்கள். வீட்டிலுள்ள மூதாட்டியார் அருகில் அமர்ந்து, அவர் கைப்பிடி அளவைத் தராசில் இட்டு நிறுத்து, பாத்திரம், அடுப்பு, தானியத்தின் வகை, யாரிடம் கற்றார் என்பவற்றோடு எழுதுங்கள். பேர்பெற்ற பண்டங்களை மட்டும் தேடாது, பஞ்சகாலத்துக் கஞ்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலன்றோ நம் முன்னோர் பட்ட பாடு தெரியும்! ஏடு கிடைத்தால் பிறகும் படிக்கலாம். பாட்டியாரைப் பிறகு கேட்டல் இயலாது. ஆகவே இப்பணியை இன்றே தொடங்குதல் நம் கடனாம்.