படியிறங்கும்போது முழங்கால் வலியா? காலின் கோணமும் காரணமாகலாம்

பெங்களூரு: மாடிப்படி ஏறி இறங்கும்போதும், தரையில் அமர்ந்து எழும்போதும் முழங்காலின் முன்புறத்தில் ஏற்படும் வலி பெரும்பாலும் வயதின் கோளாறாகவே கருதப்படுகிறது. ஆனால், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையிலான கோணம் பிசகியிருப்பதும் முழங்கால் சில்லின் மூட்டு தேய்வதற்கு முக்கியக் காரணமாகும்.

தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில், கப்பியில் கயிறு ஓடுவதுபோல இச்சில்லு மேலும் கீழும் நகர்கிறது. உடலிலேயே மிகத் தடிமனான குருத்தெலும்பு இதன் உட்பரப்பில்தான் உள்ளது. அது தாங்கும் சுமை அத்தகையது. சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய பாதியும், படியேறும்போது சுமார் 3 மடங்கும், குந்தி அமரும்போது 7 மடங்கு வரையும் அதன்மீது அழுத்தம் விழுகிறது.

முழங்கால்கள் உட்புறம் சாய்ந்து ஒன்றோடொன்று உரசும் 'நாக்-நீ' குறைபாடு உள்ளவர்களுக்கு, தொடைத் தசை சில்லை வெளிப்புறமாக இழுக்கிறது. அழுத்தம் வெளிப்பக்கத்தில் குவிந்து, அங்கேயே குருத்தெலும்பு முதலில் தேய்கிறது. தொடை எலும்பு அளவுக்கு மீறி உட்புறம் முறுக்கியிருந்தாலும் இதே நிலைதான். இந்த முறுக்கு பார்வைக்கு எளிதில் புலப்படாது. வில்போல் வளைந்த கால்களிலோ, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் மூட்டின் உட்பக்கமே பெரிதும் பாதிக்கப்படுகிறது.

'நாக்-நீ' பிறவியிலேயே வருவது மட்டுமன்று. நல்கொண்டா பகுதிச் சிறுவர்களிடம் இக்குறைபாட்டைக் கண்டறிந்த ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், அதை ஃபுளோரைடு மிகுந்த குடிநீருடன் தொடர்புபடுத்தி 1973-இல் அறிக்கை வெளியிட்டனர். பெங்களூருவுக்கு வடக்கே பாகேபள்ளி, பாவகடா வட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நெடுநாள் பிரச்னை. மாற்று நீராதாரம் இல்லாதபோது, குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரையே இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கிறது.

நேர்முகமாக மட்டும் எடுக்கும் எக்ஸ்-ரேயில் சில்லு தொடை எலும்பின்மீது படிந்து தெரிவதால், தேய்மானம் கண்ணுக்குத் தப்பிவிடும். முழங்காலை மடக்கி எடுக்கும் 'ஸ்கைலைன்' படமும், நின்ற நிலையில் இடுப்பு முதல் கணுக்கால் வரையிலான படமும் தேவை.

தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்புமே முதல் சிகிச்சை. கோணம் மிகவும் பிசகியிருந்தால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். 3, 4 வயதில் காணப்படும் 'நாக்-நீ' இயல்பானதே. பெரும்பாலும் 7 வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். அதன் பின்னும் நீடித்தால், வளர்ச்சி முடிவதற்குள் சிறு உலோகத் தகடு பொருத்தி எலும்பு வளரும் திசையைத் திருத்த முடியும். வளர்ச்சி நின்ற பின் இந்த எளிய வழி பயன்படாது.