22 அங்குலப் பிரேம்: வண்டியின் அளவும் ஏறியவரின் அளவும்

கேரளத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்தை ஒட்டியுள்ள அதியன்னூர், பாறசாலைப் பகுதிகளில் மலையாளம் பேசுவோர் சைக்கிளை ‘ஓட்டுவதில்லை’, ‘சவிட்டுகிறார்கள்’. எல்லைக்கு இப்பால் குமரித் தமிழில் அது ‘சவுட்டு’. காலால் மிதித்தலைக் குறிக்கும் ‘சவட்டுதல்’ தமிழ் அகராதிகளிலும் உண்டு. பிற வட்டாரங்களில் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு அந்த வினைச்சொல்லைப் பிரிக்கவில்லை. இருபுறமும் மிதிபட்ட வண்டியும் ஒன்றுதான்: 28 அங்குலச் சக்கரமும் 22 அல்லது 24 அங்குலப் பிரேமும் கொண்ட கறுப்பு வண்டி. அந்த அளவு யாருடைய காலை மனத்தில் கொண்டது என்பதே இங்குள்ள வினா.

சைக்கிளின் தொடக்க வரலாற்றில் உடல்தான் அளவுகோலாக இருந்தது. 1870களின் உயரச் சக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆகவே கால் நீளத்துக்கு ஏற்பவே சக்கரத்தின் விட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சட்டைக்கு அளவெடுப்பதுபோல வண்டிக்கும் அளவெடுத்தார்கள் எனலாம். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டியில் சங்கிலி வந்ததும் சக்கரத்துக்கும் காலுக்கும் இருந்த நேரடித் தொடர்பு அறுந்தது. ஓரிரு பிரேம் அளவுகளைச் செய்துவிட்டு, மிச்சத்தைச் சீட்டுக் கம்பியின் ஏற்ற இறக்கத்துக்கு விட்டுவிடலாம் என்றானது. பெருந்தொழிற்சாலை உற்பத்திக்கு இது பெரும் வசதி. 1949இல் இங்கிலாந்து நிறுவனமொன்றின் கூட்டோடு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டியும் அந்த ஆங்கில மரபின் தொடர்ச்சியே.

இனிக் கணக்கு. 1967இல் ஹேம்லி, தாமஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் சீட்டின் உயரத்துக்கு ஒரு விகிதத்தை முன்வைத்தனர்: பெடல் தன் கடைசித் தாழ்நிலையில் இருக்கும்போது, அதிலிருந்து சீட்டின் மேற்புறம் வரை உள்ள நீளம் உள்கால் நீளத்தில் 109 விழுக்காடாக இருக்க வேண்டும். உள்கால் என்பது கவட்டிலிருந்து தரை வரையான அளவு. உயரத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடு. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு அது 76 செ.மீ.; அவருக்கு வேண்டிய சீட்டு உயரம் 83 செ.மீ. 22 அங்குலப் பிரேமின் சீட்டுக் குழாய் 56 செ.மீ., கிராங்க் 16.5 செ.மீ., சுருள்வில்லோடு கூடிய தோல் சீட்டின் கனம் சுமார் 10 செ.மீ. கூட்டினால் 82.5. அதாவது சீட்டை முழுவதும் இறக்கிய பிறகுதான் இந்தியச் சராசரி ஆணுக்கே அந்த வண்டி பொருந்துகிறது. 24 அங்குலப் பிரேம் அவருக்கும் பொருந்தாது. 152 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு வேண்டியது 76 செ.மீ.; வண்டியோ ஆறு செ.மீ.க்கு மேல் உயரம். குறுக்குக் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 81 செ.மீ. உயரத்தில் இருப்பதால், இருவராலுமே அதன் இருபுறமும் காலூன்றி நிற்க இயலாது; வண்டியைச் சாய்த்தே ஒரு காலை ஊன்ற வேண்டும். நம்மூர்ச் சாலைகளில் காணும் அந்தச் சாய்ந்த நிலை வெறும் பாணி அன்று.

பட்டறைகளில் சூத்திரம் கிடையாது, கை உண்டு. விரல் நுனியைக் கிராங்க் அச்சில் வைத்தால் சீட்டு அக்குளைத் தொட வேண்டும். முழங்கையைச் சீட்டு மூக்கில் வைத்தால் விரல் ஹேண்டில்பாரை எட்ட வேண்டும். சாணும் முழமும் புழங்கிய சமூகத்துக்கு இது அந்நியமான அளவை அன்று. தோராயமானதுதான்; ஆனால் ஏறப்போகிறவரின் உடலிலிருந்தே தொடங்குகிறது.

எட்டாதவர்கள் வேறு வழி கண்டார்கள். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து, இடுப்பை ஒருபுறம் வளைத்து மிதிப்பதற்குத் தமிழ்ச் சிறுவர்கள் ‘குரங்குப் பெடல்’ என்று பெயரிட்டார்கள். ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ கதையிலிருந்து 2024இல் வந்த திரைப்படத்துக்கும் அதுவே தலைப்பு. இந்தியில் அதே நிலைக்குக் ‘கைஞ்சி’, அதாவது கத்தரிக்கோல். ஒரு மொழி உடலின் கோணலைப் பார்த்தது, மற்றது கால்களின் குறுக்கீட்டைப் பார்த்தது. இரண்டும் பெயரிட்டது வண்டிக்கு அன்று. வண்டிக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட உடலுக்கு.

புதுக்கோட்டையில் இக்கணக்கு சிக்கலாகிறது. 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஊரகப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றனர். 1992 மகளிர் தின ஊர்வலத்தில் மட்டும் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் ஓட்டிச் சென்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். பெண்களுக்கான வண்டி போதாமையால் பலர் ஆண்களுக்கான வண்டியில் ஏறினர். இதைப் பற்றாக்குறையின் கதையாக மட்டும் படிப்பது பிழை. சில பெண்கள் அதையே விரும்பினார்கள் என்றும், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம் என்றும் அவர் எழுதுகிறார். மேலே கண்ட கணக்குப்படி அவர்களுக்குச் சற்றும் பொருந்தாத வண்டி அது. ஆனால் 109 விழுக்காடு என்ற விகிதம் ஆய்வுக்கூடத்தில் தனியாக மிதிக்கும் ஒரு உடலுக்கானது. குழந்தையும் தண்ணீர்க் குடமும் அதில் வரா. எதைச் சுமக்கிறோம் என்பதையும் சேர்த்தே அப்பெண்கள் அளந்தார்கள்.

பிற்பாடு அளவெடுக்கும் பொறுப்பை அரசே ஏற்றது. தமிழ்நாட்டின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் மாணவர்க்கு வண்டியையே தருகிறது. வளைந்த குழாய் கொண்ட மகளிர் வண்டி மாணவியரின் குறுக்குக் கம்பிச் சிக்கலைத் தீர்த்தது. ஆயினும் மொத்தக் கொள்முதலில் ஆளுக்கேற்ப அளவெடுக்க இடமில்லை. 2006இல் தொடங்கிய பீகார்த் திட்டம் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு வண்டிக்குப் பதில் பணம் தந்தது. அதனால் பெண்களின் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை சுமார் 32 விழுக்காடு உயர்ந்ததாக முரளிதரன், பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு காட்டுகிறது. பணம் கொடுத்ததன் நோக்கம் வேறாக இருக்கலாம். ஆயினும் வாங்குமுன் கடையில் ஒருமுறை ஏறிப் பார்க்கும் வாய்ப்பு அதில் இருந்தது. மொத்தமாக வாங்கித் தரும் முறையில், கையில் கிடைத்த வண்டிக்கு ஸ்பேனரை எடுத்துச் சீட்டை ஏற்றி இறக்குவது மாணவியின் வேலை, அல்லது பள்ளிக்கு எதிரேயுள்ள சைக்கிள் கடைக்காரரின் வேலை.