ஆட்டத்தினாற் கற்றல்: சார்புமுறைச் செய்நிரலாக்க வரலாற்றில் ஒரு நோக்கு

விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையென எண்ணுவோர் எக்காலத்தும் உளர். ஆயினும், கணினிக்குக் கட்டளை வகுக்குங் கலையின் வரலாற்றை ஆராயுமிடத்து, அதன் கடினமான கிளைகளுள் ஒன்று மாணவர் கைக்கு எட்டுவதற்கு எளிய ஆட்டங்கள் பெருந்துணை புரிந்தமை புலனாகும். அக்கிளை சார்புமுறைச் செய்நிரலாக்கம் எனப்படும். அது தோன்றிய வாற்றையும், ஆட்டம் அதற்கு ஆசானாய் அமைந்த வாற்றையும் ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

சார்பு என்பது கணித வகுப்பில் யாவரும் அறிந்ததே. ஓரெண்ணைக் கொடுத்தால் அதற்குரிய விடையை அது தரும். அதே எண்ணை எத்தனை முறை கொடுப்பினும் விடை மாறாது. வழக்கிலுள்ள செய்நிரல்களோ நினைவகத்தின் ஓரிடத்தில் ஒரு பெறுமானத்தை வைத்து, பின்னர் அதனை அழித்து வேறொன்றை எழுதிச் செல்வன. சார்புமுறையை மேற்கொள்பவர் அழித்தெழுதுதலை விடுத்து, பழைய பெறுமானத்திலிருந்து புதிய பெறுமானத்தைப் பெறுகின்றார். முறை இரண்டிற்குமுள்ள வேறுபாடு இதுவே.

இம்முறையின் வேர் கணினிக்கும் முற்பட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அலொன்சோ சேர்ச் என்பார் 1930களில் லாம்டா கணிப்புமுறையை வகுத்தார். கணிக்கத்தக்கது எது என்னும் வினாவுக்கு 1936இல் அவர் விடைகூற முற்பட்டபோது, இயந்திரம் எதுவும் அவர் முன் இருந்ததில்லை. 1958இல் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கி, 1960இல் அதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். கோவைகளின் பெறுமானங் காணும் சார்பொன்றை அவர் கொள்கையளவில் எழுதியிருந்தார். அதனை இயந்திரத்தில் இயங்கச் செய்யலாம் எனக் கண்டு, ஐ.பி.எம். 704 கணினியில் நிறைவேற்றியவர் ஸ்ரீவ் ரசல்.

அதே ரசல் நண்பர் சிலருடன் கூடி 1962இல் விண்வெளிப் போர் என்னும் புகழ்பெற்ற கணினி ஆட்டத்தையும் ஆக்கினார். ஆயின் அவ்வாட்டம் லிஸ்ப் மொழியில் எழுதப்படவில்லை. இயந்திரத்துக்கு மிக அணுகிய கட்டளை மொழியிலேயே எழுதப்பட்டது. விரைவு வேண்டிய இடத்தில் அஃது இயல்பே. எனினும் ஒரு வினா எழுகின்றது. ஆட்டமென்பது கணந்தோறும் மாறுவது, சார்போ மாறாதது. மாறாததைக் கொண்டு மாறுவதை எங்ஙனம் எழுதுவது? இவ்வையத்தைத் தீர்க்கும் வழி பள்ளிச் சிறுவருக்கு வகுத்த பாடமொன்றிலேயே காணக்கிடக்கின்றது.

1967இல் வாலி பியூர்சைக், சீமோர் பப்பேற், சிந்தியா சொலமன் முதலியோர் சிறுவர்க்கென லோகோ என்னும் மொழியை அமைத்தனர். அது முற்றுமுழுதான சார்புமொழி அன்று. ஆயினும் லிஸ்ப் மொழியின் வழித்தோன்றல். மசாச்சுசெற்ஸ் மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் ஏழாம் வகுப்பு மாணவர்க்கு 1968-69இல் அதனைக் கற்பித்தபோது, ஒற்றைக் குவியல் நிம் என்னும் ஆட்டத்தைக் கணினி ஆடுமாறு எழுதுதலே நீண்ட பயிற்சியாக வைக்கப்பட்டது. நெடியதொரு வேலையைச் சிறு பகுதிகளாக வகுத்து நிறைவேற்றும் பழக்கத்தை ஊட்டுதல் ஆசிரியரின் நோக்கமாயிருந்தது.

அவ்வாட்டத்தைச் சார்பு நோக்கிற் பார்ப்போம். இருபத்தொரு குச்சிகள் உள. இருவர் மாறிமாறி ஒன்று, இரண்டு அல்லது மூன்று குச்சிகளை எடுப்பர். கடைசிக் குச்சியை எடுப்பவர் வென்றவர் என வைத்துக்கொள்க. குச்சியே இல்லாதபோது ஆடவேண்டியவர் தோற்றவர். ஏனைய நிலைகளுக்கு விதி ஒன்றே: எதிரியைத் தோல்விநிலையில் விடத்தக்க எடுப்பு ஒன்றேனும் உண்டாயின் அது வெற்றிநிலை, இன்றேல் தோல்விநிலை. 21இன் நிலையை அறிய 20, 19, 18 என்பவற்றின் நிலையை அதே விதியிடம் வினவுகின்றோம். அது மேலுஞ் சிறிய எண்களை வினவி ஈற்றிற் சுழியத்தில் நிற்கின்றது. தன்னைத் தானே அழைக்குஞ் சார்பு என்பது இதுவே. 4, 8, 12, 16, 20 ஆகியன தோல்விநிலைகள் எனத் தெரிந்ததும், நான்கால் வகுத்து மீதியை நோக்கினாற் போதும் என்பதை மாணவர் தாமே காண்பர். இங்கு எதுவும் அழிக்கப்படவில்லை. ஆட்டத்தின் மாற்றம் என்பது ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலையைத் தருஞ் சார்பேயாகும்.

இவ்வுண்மை அறிஞர் உலகிலும் வலுப்பெற்றது. போர்ட்ரான் மொழியை ஆக்கிய குழுவின் தலைவரான ஜோன் பாக்கஸ், 1977இல் ரியூறிங் விருது பெற்று ஆற்றிய உரையில், அழித்தெழுதும் முறையின் குறைகளை எடுத்துக்காட்டிச் சார்புமுறையை வற்புறுத்தினார். 1989இல் ஜோன் ஹியூஸ் சார்புமுறையின் சிறப்பை நிறுவும் கட்டுரையொன்றை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று ஆட்ட மரமாகும். ஒன்பது கட்டங்களில் வட்டமும் புள்ளடியும் இடும் ஆட்டத்தை ஆடி முடிக்கும் வழிகளே 255168 ஆகும். மரத்தை வளர்ப்பது ஒரு சார்பு. வேண்டிய ஆழத்தில் அதனை நறுக்குவது வேறொன்று. நிலைகளை மதிப்பிடுவது மற்றொன்று. தேவைப்படும் கிளை மாத்திரமே கணிக்கப்படுவதால், முடிவற்ற மரத்தையும் அஞ்சாது எழுதலாம்.

பின்னர் 2009இல் மதியாஸ் பெலைசனும் அவர்தம் சகாக்களும் முதலாண்டு மாணவர்க்கேற்ற ஒழுங்கொன்றை விளக்கினர். ஆட்டத்தின் நிலையைப் படமாக்கும் சார்பு, கடிகாரத் துடிப்பொன்றின் பின் வரும் நிலையைத் தருஞ் சார்பு, விசையை அழுத்தியபின் வரும் நிலையைத் தருஞ் சார்பு ஆகியவற்றையே மாணவர் எழுதுவர்; அவற்றை உரியவேளையில் அழைத்தல் கணினியின் பொறுப்பு. ஒவ்வொரு சார்பையும் ஆட்டத்தை ஓட்டாமலே தனித்துச் சோதிக்கலாம். ஆட்டங்களின் வழியே ரக்கெற் மொழியைக் கற்பிக்கும் நூலொன்று பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியராகப் பங்குபற்ற 2013இல் வெளிவந்தமை இந்நெறியின் பயனுக்குச் சான்றாகும்.

ஆட்டம் என்ற பெயர் கேட்டு இதனை எளிதென இகழ்தல் ஆகாது. படம் அசைவதைக் கண்டு மகிழ்வதோடு அமைபவன் கற்றவனாகான். விதியைத் தானே வகுத்து, வழு நேர்ந்தவிடத்து எந்தச் சார்பு பிழைத்தது எனத் தேடித் திருத்துபவனே கற்றவன். பிறர் ஆக்கிய ஆட்டத்தில் மூழ்கும் மாணவன் இயந்திரத்தின் விதிக்கு அடங்குகின்றான்; ஆட்டத்தை ஆக்கும் மாணவனோ அவ்வியந்திரத்துக்கு விதியைக் கற்பிக்கின்றான். இவ்விரண்டனுள் எதனை நம் மாணவர்க்கு அளிக்கப் போகின்றோம் என்பதே ஆசிரியர் முன்னுள்ள வினா. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. இருபத்தொரு குச்சிகளும், அவற்றைப் பற்றிப் பிழையற ஒரு விதி எழுதும் பொறுமையும் தொடக்கத்துக்குப் போதுமானவை.